சவுக்குத் தோப்பா, மணல்மேடா? நாகூர் கடற்கரையை உண்மையில் காப்பது எது?

நாகூர் தர்காவுக்கு வருகிறவர்கள் ஜியாரத் முடித்த கையோடு ஆட்டோ பிடித்து சில்லடி கடற்கரைக்குப் போவது வழக்கம். கந்தூரி சமயம் என்றால் சொல்லவே வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. கூட்டம் இல்லாத நாளில் கொஞ்சம் தள்ளி நடந்து பாருங்கள். மணலில் படர்ந்த ஒரு கொடி காலில் சிக்கும். ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. ஊரில் அடப்பங்கொடி என்பார்கள். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இதுதான் நெய்தல் நிலத்து அடும்பு.

யாரும் கண்டுகொள்ளாத இந்தக் கொடிதான் கடற்கரையைக் கட்டுகிற கொத்தனார் என்று சொன்னால் நம்புவீர்களா?

2004 சுனாமிக்குப் பிறகு 'கடலோரத்தில் மரம் நட்டால் அலையைத் தடுக்கலாம்' என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நாகை மாவட்டக் கரையில் பல இடங்களில் சவுக்கு நடப்பட்டது. அதற்காக மணல்மேடுகள் சமன் செய்யப்பட்ட இடங்களும் உண்டு. அது சரியா தப்பா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை.

அன்று என்ன நடந்தது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் நிலநடுக்கம். ரிக்டர், ரிக்டர் என்று அப்போது எல்லோரும் சொன்ன அந்த எண் பின்னர் 9.1 என்று கணக்கிடப்பட்டது. காலை 9 மணியை ஒட்டி அலை நாகை கரைக்கு வந்துவிட்டது. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆனால் சொல்வதற்கு ஆளில்லை, அமைப்பும் இல்லை. ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் செயல்பாட்டுக்கு வந்தது 2007-ல்தான்.

தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்தில் மட்டும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி ஆகிய பெயர்களை அந்த வாரம் டிவி பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாகூர் தர்கா உயிர் தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்ய இடமும் கொடுத்தது.

நாகை ஏன் இவ்வளவு அடி வாங்கியது? முதல் காரணம் நிலத்தின் அமைப்பு. இது காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டலும் மணலும் சேர்ந்த டெல்டா. தட்டையான தரை. மலை கிடையாது, பாறை கிடையாது. கரை நேராக கிழக்கைப் பார்த்து நிற்கிறது, அலை வந்த திசையும் கிழக்குதான். அதோடு ஆற்று முகத்துவாரங்கள். நாகூரில் வெட்டாறு, நாகையில் கடுவையாறு. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மணல்மேடு இருக்காது, திறந்த வாசல் மாதிரி. அலை அந்த வழியாக உள்ளே புகுந்தது. அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் இருப்பது கடுவையாற்று வாயில்தான்.

மரம் காப்பாற்றியதா?

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது.

வேதாரண்யம் பக்கத்தில் நாலுவேதபதி என்று ஒரு கிராமம். 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த ஊர். இரண்டு வருஷம் கழித்து சுனாமி வந்தபோது அந்த ஊரில் சேதம் குறைவு. 'எங்களைக் காப்பாற்றியது மரம்தான்' என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நாடு முழுக்க அது செய்தியானது.

ஆராய்ச்சியாளர்களும் அதையே சொன்னார்கள். கடலூர் மாவட்டக் கரையில் மேற்கொண்ட ஆய்வு ஒன்று 2005-ல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்தது என்றது அது. அதே வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்று எழுதினார்கள்.

ஆனால் 2006-ல் வேறு சில விஞ்ஞானிகள் அந்த 18 ஊர்களின் தரவுகளையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். வந்த விடை வேறு. ஊர் கடலில் இருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டு விஷயங்களே இறப்புக் கணக்கில் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, மரத்துக்கென்று தனியாக மிச்சம் அதிகம் இல்லை என்றார்கள். யோசித்தால் புரியும். அலையாத்தி வளர்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர், இயல்பாகவே கடலில் இருந்து தள்ளித்தான் இருக்கும். காத்தது மரமா, தூரமா?

நாகை கரையை வைத்தும் இதே கேள்வி எழுந்தது. ஆர்.எஸ். பல்லா 2007-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'உயிர்க்கேடயங்கள் சுனாமி நீர் உள்ளே புகுவதைப் பாதிக்கின்றனவா?' என்ற அர்த்தத்தில் ஒரு கேள்விதான். 'உயிர்க்கேடயம்' என்பது கரையோரம் நடும் மரத் தடுப்புக்கு அப்போது வைத்த பெயர். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பெயர் வைத்துவிட்டாலே கேடயம் ஆகிவிடாதே.

மரம் வேஸ்ட் என்று யாரும் சொல்லவில்லை. உப்புக் காற்றைத் தடுக்கும், புயல் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், விறகும் பந்தல் கழியும் கொடுக்கும். ஆனால் சுனாமி என்பது காற்று தள்ளும் அலை இல்லை. கடலே நிமிர்ந்து உள்ளே நடந்து வருகிற மாதிரி. அதை மறிக்க உயரம் வேண்டும். அந்த உயரத்தைக் கொடுப்பது மணல்மேடு.

மணல்மேடு எப்படி வேலை செய்யுது?

மணல்மேடு என்றால் சும்மா கிடக்கிற மண்குவியல் இல்லை. கடற்கரையின் சேமிப்புக் கணக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்று காய்ந்த மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வழியில் ஒரு தடை இருந்தால் மணல் அங்கே விழும். அடப்பங்கொடிதான் அந்தத் தடை. அலை நின்ற இடத்துக்கு அடுத்து முதலில் குடியேறுவது அதுதான். உப்பு, வெயில், மணலில் புதைவது எதுவும் அதை ஒன்றும் செய்யாது. மணல் மூட மூட கணுக்களில் வேர் விட்டு மேலே வரும். அதற்குப் பின்னால் ராவணன் மீசை. ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புல்லின் உருண்டையான காய்ந்த தலை காற்றில் கடற்கரை முழுக்க உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் துரத்தி விளையாடியவர்களும் இருப்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து மணலைப் பிடித்துப் பிடித்து மேடாக்கும். மேடு நிலைத்த பிறகு பின்பக்கம் தாழை, புன்னை, பனை எல்லாம் வரும்.

புயல் வரும்போது கடல் இந்த மேட்டை அரித்து எடுக்கும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் எடுத்த மணல் எங்கேயும் போவதில்லை. கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் திட்டாகப் படிகிறது. அடுத்தடுத்து வரும் அலை அந்தத் திட்டில் மோதி உடைந்து, பலம் குறைந்தே கரைக்கு வருகிறது. புயல் காலம் முடிந்து கடல் அமைதியானதும் அதே மணலை அலை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து போடும், காற்று அதை மேலே ஏற்றும், கொடி பிடித்துக்கொள்ளும். ஆபத்துக்கு எடுத்துச் செலவழித்து, பிறகு திரும்பக் கட்டுகிற பணம் மாதிரி. இதை கான்கிரீட் சுவர் செய்யாது. மரமும் செய்யாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அது குடிதண்ணீர். மணல்மேட்டில் விழும் மழைநீர் ஓடாமல் உள்ளே இறங்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதனால் அதன் மேலேயே மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீர் பாடத்தில் உள்ள பழைய கணக்கு. கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் ஊற்றுத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வருவது இதனால்தான். மேட்டை வழித்தால் போவது உயரம் மட்டுமல்ல, ஊற்றும்தான்.

அப்போ சவுக்கால் என்ன பிரச்சினை?

சவுக்கு நம்ம ஊர் மரம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அது ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியப் பகுதிகளில் இருந்து வந்தது. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்பதற்காக சென்னைப் பக்கத்துக் கடற்கரைகளில் பெரிய அளவில் பயிரிட்டார்கள். வேகமாக வளரும், மணலிலும் வரும், விற்றால் காசு. விவசாயிக்கு வேறு என்ன வேண்டும்? பட்டா நிலத்தில் அவர் நடுவதில் எந்தத் தப்பும் இல்லை.

சிக்கல் அதை நடுகிற இடத்தில்தான். அலை ஏறி நிற்கும் கோட்டுக்குப் பக்கத்திலேயே நெருக்கமாக நட்டால் மூன்று நான்கு விஷயங்கள் நடக்கின்றன. வரிசை வரிசையாக நட தரை சமமாக வேண்டும் என்று மேட்டைத் தட்டுவார்கள், உயரம் போச்சு. மரம் வளர்ந்ததும் நிழலும் உதிர்ந்த ஊசிச் சருகும் தரையை மூடும், அடப்பங்கொடி அங்கே வராது. கொடி இல்லாவிட்டால் புது மணலைப் பிடிக்க ஆள் இல்லை. கடல் அரிக்கும்போது வேரோடு மரம் சாயும், கரை சரிவாக இல்லாமல் செங்குத்தாக வெட்டுப்படும். சாய்ந்து கிடக்கிற சவுக்கைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது டெல்டாவில் தென்னையோடு சவுக்கும் கொத்துக் கொத்தாக விழுந்தது. அந்தக் காற்றில் எந்த மரம்தான் நின்றிருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கேடயம் என்று நட்டது விழுந்தால் மறுபடி வளர வருஷக்கணக்கு ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆமைக்கு ஏன் மணல் முக்கியம்?

நாகூரில் இருந்து நாகை போகும் வழியில் சாமந்தான்பேட்டை. அங்கே வனத்துறையின் ஆமை முட்டை பொரிப்பகம் இருக்கிறது. கடற்கரையில் சேகரிக்கும் முட்டைகளை வேலி போட்ட மணலில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவார்கள். வருஷா வருஷம் அந்த வீடியோ நம்ம செல்லுக்கும் வருமே, அதுதான்.

வருவது பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. ஜனவரி தொடங்கி பங்குனி வரை இரவில் கரையேறும். பின்னங்காலால் பானை மாதிரி குழி தோண்டி ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடும், மூடிவிட்டுப் போய்விடும். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது மணலின் சூடு. சூடு அதிகமானால் பெண், குறைந்தால் ஆண்.

இப்போது சவுக்குத் தோப்பை அங்கே வைத்துப் பாருங்கள். வேர் பின்னிய மணலில் ஆமையால் குழி தோண்ட முடியாது. நிழல் மணலின் சூட்டை மாற்றும். வட தமிழ்நாட்டுக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் ஆமைகளை எப்படிப் பாதிக்கின்றன என்று 2009-ல் ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. தோப்பு அலைக்கோட்டுக்கு நெருக்கமாக நின்ற இடங்களில் ஆமை முட்டையிடுவது குறைந்திருந்தது என்பதே அதன் சாரம்.

சவுக்கு மட்டும் வில்லன் இல்லை. குஞ்சு ஆமை வெளிச்சமான அடிவானத்தை நோக்கிப் போகும். இயற்கையில் அது கடல். சோடியம் விளக்கு வந்த பிறகு அது ரோடு. தெருநாய் முட்டையைத் தோண்டும். கடலுக்குள் பெரிய ஆமை இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னை சுற்றுவட்டாரக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியது நினைவிருக்கும். கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்பது விதி. விதி கரையில் இருக்கிறது, வலை கடலில் இருக்கிறது.

மீனவர்களுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. நமக்குத்தான் அது பீச். பட்டினச்சேரி மாதிரி ஊர்க்காரர்களுக்கு அது வேலை செய்யும் இடம். ஃபைபர் படகை ஏற்றி வைக்கணும், வலை காய வைக்கணும், கிழிசல் பின்னணும், கருவாடு உலர்த்தணும். கரைவலை இழுக்க நீளமான திறந்த மணல் வேண்டும். மரம் நட்டு வேலி போட்டால் இதெல்லாம் எங்கே நடக்கும்?

இதற்குப் பின்னால் ஒரு பயமும் உண்டு. சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச் 30-ல் தமிழ்நாடு அரசு ஒரு அரசாணை போட்டது, எண் 172. கடலில் இருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்களை யாரும் கட்டாயப்படுத்தி வெளியேற்றவில்லை. ஆனால் புது வீடு வேண்டும் என்றால் உள்ளே தள்ளிப் போகணும், பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்கணும். பாதுகாப்புக்காக என்று பார்த்தால் சரிதான். உள்ளே போனால் அதிகாலையில் கடலின் நிறம் பார்த்து, காற்று பார்த்துக் கிளம்புகிற தொழில் என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். காலியான கரைக்கு நாளைக்கு யார் வருவார்கள் என்று அவர்கள் கேட்டதையும் தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்விக்கு ஒரு விதத்தில் பதில் மாதிரி அமைந்தது 2023 மார்ச் 2-ம் தேதி இரவு. பட்டினச்சேரி கடற்கரையில் மணலுக்கு அடியில் போட்டிருந்த சிபிசிஎல் நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் போராட்டத்தில் இறங்கினார்கள். கசிவை அடைத்தால் போதாது, குழாயையே எடு என்பது கோரிக்கை. அது ஆமை சீசனின் நடுப்பகுதி என்பதையும் கவனிக்க வேண்டும்.

மணலில் எண்ணெய் சேர்ந்தால் ஏன் சிக்கல்? மேலே படிந்ததை வழித்து எடுக்கலாம். ஆனால் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அடுத்த அலை அதன்மேல் புது மணலைப் போடும், எண்ணெய் அடுக்கு உள்ளே புதையும், இன்னொரு நாள் கடல் அரிக்கும்போது அது வெளியே வரும். நகர்ந்துகொண்டே இருக்கும் தரைக்குள் குழாயைப் புதைப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். இன்று ஆழத்தில் இருப்பது நாளைக்கு அலையில் நிற்கலாம்.

மணலே குறைந்துகொண்டு போனால்?

மேட்டைப் பாதுகாத்தால் போதுமா என்றால், போதாது. மணல் வரத்தும் வேண்டும். டெல்டா கரைக்கு மணல் கொடுத்தது காவிரி. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலின் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்குகிறது. மிச்சத்தை லாரி அள்ளியது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வருஷா வருஷம் பேசுகிறோம். கடைமடைக்கும் அப்பால் இருக்கிற கடலுக்கு மணல் வரவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

வந்த மணலும் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கி, வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கு நோக்கி. வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதுதான் அதிகம். குறுக்கே கல்சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரத்தின் மணல் கடற்கரையே காணாமல் போனது இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். அங்கே கொஞ்சம் மணலை மீட்கத் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைக்க வேண்டி வந்தது. நாகூருக்கு வடக்கே வஞ்சூரை ஒட்டி 2009 முதல் காரைக்கால் துறைமுகம் இயங்குகிறது. எனவே இந்தக் கணக்கு நாகூருக்கும் அந்நியமில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2019-ல் வந்தது. அதில் மணல்மேடும் ஆமை முட்டையிடும் இடமும் அலையாத்திக் காடும் ஒரே வகுப்பில், மிக அதிகப் பாதுகாப்பு உள்ள பகுதியில் இருக்கின்றன. பங்குனி ஆமைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம், அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு.

ஆனால் புலியைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். மணல்மேட்டைப் பார்த்தால் 'சும்மா கிடக்கிற பொறம்போக்கு' என்றுதான் தோன்றும். ஒரு பொக்லைன் இருந்தால் ஒரு மதியத்தில் காலி.

தமிழ்நாடு அரசு 2023-24 பட்ஜெட்டில் உலக வங்கி உதவியோடு சுமார் 2,000 கோடி ரூபாயில் கடலோரங்களை மீட்கும் திட்டத்தை அறிவித்தது. பெயர் 'தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கம்'. நெய்தல் என்று வைத்ததற்காகவே தமிழ் படித்தவர்கள் சந்தோஷப்படலாம். அந்தப் பணத்தில் நாகை கரைக்கு என்ன நடப்போகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். ஆய்வாளர்கள் சொல்லும் வரிசை எளிமையானது. அலைக்குப் பக்கத்தில் வெறும் மணல், ஆமைக்கும் படகுக்கும். அதன் பின்னால் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்த மேடு, அதைத் தொடாதே. மேட்டுக்குப் பின்னால் புன்னை, தாழை, பனை. சவுக்கு வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் பின்னால்.

கடற்கரைக்குப் போகும்போது ஒரு விஷயம்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் நாகூர், நாகை, வேளாங்கண்ணி கரைக்குப் போகிறவர்கள் டார்ச்சையும் செல்போன் ஃப்ளாஷையும் தவிர்ப்பது நல்லது. ஆமை கரையேறுவதைப் பார்த்தால் பின்னாலேயே அசையாமல் நில்லுங்கள், முன்னால் போய் போட்டோ எடுக்காதீர்கள், பாதி வழியில் திரும்பிவிடும். முட்டைக் குழியையோ இறந்த ஆமையையோ பார்த்தால் தொடாமல் வனத்துறைக்கோ பக்கத்து மீனவர் பஞ்சாயத்துக்கோ சொன்னால் போதும். காலையில் பொரிப்பகத்து ஆட்கள் தேடி வருவது டிராக்டர் சக்கரம் மாதிரி மணலில் பதிந்திருக்கும் ஆமையின் தடத்தைத்தான். அதன்மேல் பைக் ஓட்டிவிட்டால் குழி எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.